நாலு தெப்பம் கூடும் மூலை

தெப்பநகரில் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள். அத்தனைக்கும் அடியில் கடல்தான். கொம்பன்துறை என்ற கரையோர ஊரைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று ஏப்பம் விட்டபோது, "கடல் நம் இடத்துக்கு வந்துவிட்டது, நாம் கடல் இடத்துக்குப் போய்விடுவோம்" என்று ஒரு கழகம் கிளம்பியது. வீட்டுக்கு ஒரு தெப்பம் கட்டினார்கள். தெப்பத்தோடு தெப்பத்தை இரும்புக் கையால் கோத்து, வரிசை வரிசையாக மிதக்கவிட்டார்கள். திறப்பு விழாவில் ஒருவர், "இது தலைவனே இல்லாத ஊர்!" என்று முழங்கினார். அதைக் கேட்டுக் கைதட்ட மேடையில் ஏழு தலைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் சொன்னதில் ஒரு உண்மை இருந்தது. ஒவ்வொரு தெப்பத்தின் வயிற்றிலும் ஒரு தண்ணீர்த் தொட்டி. தண்ணீரை உள்ளே வாங்கினால் தெப்பம் இறங்கும், வெளியே தள்ளினால் ஏறும். அலைக்குத் தக்கபடி ஏறி இறங்கினால்தான் வீடு வீடாக நிற்கும். ஆனால் கைகோத்து நிற்கிறவன் தன் இஷ்டத்துக்கு உட்கார முடியுமா? பக்கத்தில் நிற்பவன் தோள் கழன்றுவிடாதா? அதனால் வீட்டுக்கு ஒரு பெட்டி வைத்தார்கள். மிளகாய் டப்பா அளவு இருக்கும். "நான் ரெண்டு விரல் இறங்கப் போறேன், சரியா?" என்று பக்கத்துப் பெட்டிக்குச் சேதி அனுப்பும். "சரி, நான் ஒரு விரல் இறங்கிக்கிறேன்" என்று பதில் வந்தால்தான் அசையும். நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளும் ஒரே சமயத்தில், ஒன்றுக்கு ஒன்று மேலதிகாரி இல்லாமல், கண் இமைப்பதற்குள் ஆயிரம் சேதி பேசி முடித்துவிடும். மனிதர்கள் நாலு பேர் கூடிக் கல்யாணத்துக்கு வேன் பிடிக்க எடுக்கும் நேரத்தை நினைத்துப் பார்த்தால் இது பெரிய விஷயம்தான்.

இந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஜெசிந்தாவுக்கு. வயது நாற்பத்தேழு. பதினொரு வருடமாக அதே நாற்காலி. யார் வீட்டுப் பெட்டி முரண்டு பிடித்தாலும் புகார் அவளிடம் வரும். புகாரை முடித்துவைக்கக் கழகம் மூன்று முத்திரை கொடுத்திருந்தது: 'சரிசெய்யப்பட்டது', 'தானாகச் சரியானது', 'பயனாளர் தவறு'. நாலாவதாக 'எங்கள் தவறு' என்று ஒன்று செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஏழாம் வரிசையில் பதினைந்தாம் வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்து எட்டு நிமிடம் அப்படியே நின்றது. அந்த வருடத்தில் இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவை தட்டுமுட்டுச் சாமான்தான் உடைந்தது. இந்தத் தடவை ஃபிரிட்ஜ் உருண்டு, தையல்காரி அமலோற்பவத்தின் வலது காலை முறித்தது. அந்த எட்டு நிமிடமும் பெட்டியில் பச்சை விளக்குதான் எரிந்தது. பெட்டிக்கு ஒரு கோளாறும் இல்லை. எதற்கோ காத்திருந்தது, அவ்வளவுதான். ஒன்பதாவது நிமிடம் எங்கிருந்தோ ஒரு சேதி வந்து இடித்ததும், ஒன்றுமே நடக்காத மாதிரி வீடு நிமிர்ந்துகொண்டது.

புதன்கிழமை காலையில் கழகத் தலைமையகத்திலிருந்து வித்யாதரன் என்ற அதிகாரி வந்தார். குமட்டல் மாத்திரை போட்டுக்கொண்டு விசைப்படகில் வந்து, ஆறாம் வரிசையில் கழகத்தின் விருந்தினர் தெப்பத்தில் இறங்கினார். சனிக்கிழமை புயல் என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

"ஜெசிந்தா மேடம், பிழை எங்க இருக்கு?"

"தெரியல சார். நாங்க பாக்கப் போனா வர மாட்டேங்குது."

"எங்க இருக்கலாம்?"

"சாஞ்சது ஏழாம் வரிசையில. ஆனா சாஞ்ச இடமும் தப்பு நடந்த இடமும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல சார். ஒருத்தன் காலை மிதிச்சா இன்னொருத்தன்தான கத்துவான்."

வித்யாதரன் அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்குத்தான் அவருக்கு அந்தப் பதவி. "ஏழாம் வரிசை. ரைட். பிழையைத் தனிமைப்படுத்தறதுதான் முறை. இருபத்தொன்பது வீடு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இழுவைப் படகு வரும். இரும்புக் கையைக் கழட்டி, வரிசையை இழுத்து வெளிய நங்கூரம் போட்டுடலாம். ஜனங்க கரையில ஸ்கூல் முகாமுக்குப் போகட்டும்."

"புயல்ல தனியா விட்ட தெப்பம் மிஞ்சுமா சார்?"

"மத்த முந்நூத்தி எண்பத்து மூணு மிஞ்சும் இல்லையா? மாடல்ல போட்டுப் பாத்தாச்சு. ஏழை எடுத்துட்டா பிழை வரலை."

"தலையை எடுத்தா தலைவலி வராதுதான்" என்றாள் ஜெசிந்தா.

"என்ன சொன்னீங்க?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க சார்னு சொன்னேன்."

முகாம் என்றால் என்ன என்று ஊருக்குத் தெரியும். போன புயலுக்கு மூன்றாம் வரிசையிலிருந்து போன பதினொரு குடும்பம் ஆறு வருடமாக அங்கேதான் கிடக்கிறது. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் குடியிருக்கிறார்கள். ஏழாம் வரிசையில் பதினாலாம் வீடு ஜெசிந்தாவின் தங்கை பெர்பெத்தாவின் வீடு. அதுவும் இருபத்தொன்பதில் ஒன்று. ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தங்கைதான். இருந்தாலும் அவள் முகாமில் வகுப்பறைச் சுவரில் கொடி கட்டித் துணி காயப்போடுவதை நினைக்க, ஜெசிந்தாவுக்குச் சோறு இறங்கவில்லை.

வேலையை ஆரம்பித்தாள். தன் போனிலிருந்தே பெட்டிகளுக்கு மட்டும் ஒரு பொய் அலையைக் காட்டலாம். அவை நிஜ அலை என்று நம்பித் தங்களுக்குள் பேசி முடிக்கும், தொட்டித் தண்ணீர் மட்டும் அசையாது. நாலு பக்கமும் ஒரே நொடியில் அடிக்கிற மாதிரி அலையை விட்டால், பத்துத் தடவையில் மூன்று தடவை ஊர் உறைந்துபோனது. 'முடிந்தது' என்ற சேதி வரவே இல்லை. சரி என்று பாதி ஊரை ஒதுக்கிவிட்டு மீதிப் பாதிக்கு மட்டும் அலையை விட்டாள். உறையவில்லை. மறு பாதிக்கு விட்டாள், உறைந்தது. அந்தப் பாதியில் பாதி, அதில் பாதி என்று, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி குறைத்துக்கொண்டே வந்தாள். வியாழக்கிழமை காலையில் நாலு வீடு மிஞ்சியது.

ஆறாம் வரிசையில் பதினாலும் பதினைந்தும். ஏழாம் வரிசையில் பதினாலும் பதினைந்தும். நாலு தெப்பமும் ஒரு மூலையில் கூடுகிற இடம். நாலில் எந்த ஒன்றை ஒதுக்கினாலும் பிழை வரவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் நாலும் உத்தமம். சேர்ந்தால்தான் வினை.

இதில் ஆறு-பதினாலு அவளுடைய வீடு. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற மூன்றில் ஏதோ ஒன்றில்தான் தப்பு இருக்கும் என்று நினைத்தாள். நீங்களும் நானும் அப்படித்தான் நினைப்போம்.

சோதனைக் கருவியை எடுத்துக்கொண்டு முதலில் அமலோற்பவம் வீட்டுக்குப் போனாள். அமலோற்பவம் கட்டிலில் கால்கட்டோடு கிடந்தாள். தையல் மெஷினைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு, அதைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வா புள்ள. காலை ஒடிச்ச பெட்டிக்கு நாடி பிடிக்க வந்தியா? எனக்கு யாரு பிடிக்கது?"

"வலி எப்படி இருக்கு மைனி?"

"அத விடு. அங்க என்னத்தப் பாக்க?"

ஜெசிந்தா கருவியைப் பெட்டியில் மாட்டிப் பொய் அலையை விட்டாள். சுத்தமாக வேலை செய்தது. மறுபடி விட்டாள். இருபது தடவை. ஒரு தடவைகூட உறையவில்லை. கருவியைக் கழற்றிவிட்டுப் போனிலிருந்து அலையை விட்டாள். உறைந்தது. மாட்டினாள், சரியாகிவிட்டது.

"இது என்ன கள்ளத்தனம் மைனி! நான் பாத்துட்டு இருந்தா ஒழுங்கா இருக்கு. திரும்புனா முழிச்சிட்டு நிக்குது."

"உங்க ஆபீஸ்ல தயாரானதுதான? பின்ன எப்படி இருக்கும்?" என்றாள் அமலோற்பவம். பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "ஆமா, அந்தக் கருவி என்னதான் செய்யுது?" என்று கேட்டாள்.

"பெட்டிகிட்ட ஒரு கேள்வி கேக்கும். 'நீ யாருக்காகக் காத்திருக்க?'ன்னு. அது சொல்லுத பதிலை நான் வாசிப்பேன்."

"கேட்ட உடனே வேலை செய்யுதாக்கும்?"

"ஆமா."

"அது சரி. காலொடிஞ்சு மூணு நாளாச்சு. எதுத்த வரிசையில இருக்க மிக்கேல் எட்டிப் பாத்து, 'என்ன அமலி, எப்படி இருக்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானும்தான் எந்திரிச்சு வேலை செஞ்சிருப்பேன். ஒருத்தரும் கேக்கல. கேக்காதவரைக்கும் நானும் பேசப் போறதில்ல."

ஜெசிந்தா கருவியின் ஒயரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். பெட்டிகள் ஒரு சேதிக்காகக் காத்திருக்கின்றன. கருவி கேட்கிற கேள்வியும் ஒரு சேதிதானே? யாரோ கேட்டுவிட்டார்கள் என்று அவை கிளம்பிவிடுகின்றன. விசாரிக்கப் போனவளே வைத்தியமும் பார்த்துவிட்டு, நோய் இல்லை என்று எழுதிக்கொண்டிருக்கிறாள்.

"மைனி, நீங்களும் மிக்கேல் அண்ணாச்சியும் எத்தனை நாளா பேசல?"

"ஒன்றரை வருசம். கோயில் கொடியேத்தத்துக்கு எல்லாரையும் அவரே வந்து கூப்பிட்டாரு. எனக்கு மட்டும் ஆள் விட்டுச் சொன்னாரு. நான் என்ன கூலிக்கு வந்தவளா? அவரு வந்து பேசட்டும், பேசுதேன். நான் முதல்ல போக மாட்டேன்."

அப்போதுதான் ஜெசிந்தாவுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. பெட்டிகளை நிறுவும்போது கழகம் பீற்றிக்கொண்ட ஒரு வித்தை உண்டு. பெட்டி தன் வீட்டைப் பார்த்துப் பழகிக்கொள்ளும். யார் யாருக்கு முதலில் போன் போடுகிறார்கள், எந்த நடைபாலத்தில் யார் கால் முதலில் விழுகிறது, குழம்புக் கிண்ணம் எந்த வாசலுக்குப் போகிறது, எல்லாவற்றையும் கவனிக்கும். பழகுகிற வீட்டோடு சேதியும் சீக்கிரம் முடியும் என்பது ஏற்பாடு. ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டோடு முதலில் பேசுவதே இல்லை என்றால், 'இங்கே நாம் முந்தக் கூடாது போலிருக்கிறது, அவர்களே கேட்பார்கள்' என்று பெட்டியும் படித்துக்கொள்ளும். நம்மிடம் படிக்க வந்த பிள்ளைக்கு நாம் சொல்லிக்கொடுத்த பாடம்.

கருவியை மூட்டை கட்டிவிட்டாள். கேள்வி கேட்காமல், ஒவ்வொரு பெட்டியும் தானாக எழுதிவைக்கும் குறிப்பை மட்டும் படித்தாள். மத்தியானத்துக்குள் படம் முழுசாகக் கிடைத்தது.

பெர்பெத்தா வீட்டுப் பெட்டி அமலோற்பவம் பெட்டிக்காகக் காத்திருந்தது. மகள் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தபோது, "உங்க பொண்ணுக்கு இன்னும் கால் மீட்டர் வேணும்" என்று அமலோற்பவம் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். அமலோற்பவம் பெட்டி மிக்கேல் பெட்டிக்காக. மிக்கேல் பெட்டி ஆறு-பதினாலுக்காக. ஆறு-பதினாலு, அதாவது ஜெசிந்தா வீட்டுப் பெட்டி, பெர்பெத்தா பெட்டிக்காக. வட்டம் முடிந்தது. வேறு பக்கத்திலிருந்து யாராவது இடித்தால் கலையும். நாலு பக்கமும் ஒரே நொடியில் அலை வந்தால், நாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி ஊரோடு கவிழும்வரை நிற்கும்.

ஆறு-பதினாலு என்ற எண்ணை அவள் மூன்று தடவை படித்தாள். மூன்று தடவையும் அது ஆறு-பதினாலாகவே இருந்தது.

வித்யாதரனிடம் ஓடினாள். "சார், ஒரு வரி மாத்தினா போதும். இவ்வளவு நேரம் பதில் வரலன்னா நீயே முதல்ல கேளுன்னு."

"புயல் எச்சரிக்கை இருக்கும்போது மென்பொருள்ல கை வைக்கக் கூடாது. தலைமையகத்துல ஏழு பேர் கையெழுத்து வேணும். இருபத்தோரு வேலை நாள்."

"அப்போ என் கருவியையாவது அந்த நாலுல மாட்டியே விட்டுர்றேன்."

"மூணாம் எண் புயல் கூண்டு ஏத்தினதும் வெளிக்கருவியை எல்லாப் பெட்டியும் தானா கழட்டி விட்டுடும். பாதுகாப்பு ஏற்பாடு." அவர் மாத்திரைப் பட்டையைப் பிதுக்கினார். "நாலு மணிக்குப் படகு."

மென்பொருளைத் தொட முடியாது என்றால் மனிதர்களைத்தான் தொட வேண்டும். வட்டத்தில் ஒரு கண்ணி அறுந்தால் போதும். நாலில் யாராவது ஒருவர் முதலில் பேசிவிட்டால், அந்த வீட்டுப் பெட்டி அதைப் பார்த்துத் தானும் முந்திக்கொள்ளும். யாராவது ஒருவர். அந்த ஒருவர் தானாக இருக்க வேண்டும் என்று ஜெசிந்தாவுக்கு அப்போதும் தோன்றவில்லை. மிக்கேலை அமலோற்பவத்தோடு பேசவைத்துவிடலாம் என்று, தன் வீட்டுப் பக்கம் போகாமல் ஆபீஸிலிருந்தே நேராகக் கிளம்பினாள்.

மிக்கேல் கழகத்தில் என்ஜின் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். அதனால்தான் ஊழியர்களுக்கான ஆறாம் வரிசையில் பதினைந்தாம் வீடு. வாசலில் ஒரு பழைய மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மேடம், வாங்க. வராதவுக வந்திருக்கீக. மழை வரும்போலயே."

"புயலே வருது அண்ணாச்சி. ஒரு உதவி வேணும். அமலி மைனிகிட்ட நீங்க ஒரு வார்த்தை..."

"அவகிட்ட நான் போய்ப் பேசுதது இருக்கட்டும். நீங்க எங்கிட்ட எதுக்கு ரெண்டு வருசமா பேசல?"

"நானா? நீங்கதான அண்ணாச்சி என்னைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறீங்க?"

மிக்கேல் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே காட்டினார். சுவரில் மிக்கேல் சம்மனசு சிறகை விரித்துச் சாத்தானை மிதித்துக்கொண்டிருக்கும் படம். அதற்குப் பக்கத்தில், அதே அளவு சட்டத்தில், கண்ணாடி போட்டு, ஒரு புகார்த் தாள்.

ஜெசிந்தா கிட்டப் போய்ப் படித்தாள். இரண்டு வருடத்துக்கு முந்திய தேதி. 'நாலு பக்கமும் ஒண்ணா அலை அடிச்சா எங்க வீட்டுப் பெட்டி யாருக்கோ ரெண்டு நொடி காத்துட்டு நின்னு, அப்புறம்தான் அசையுது. பக்கத்துப் பெட்டிகளையும் சேத்துப் பாக்கவும்.' அதன் கீழே ஊதா மையில் ஒரு முத்திரை: 'பயனாளர் தவறு'. அதன் கீழே அவள் கையெழுத்து. மாதக் கடைசியில் பாக்கிப் புகார் இருக்கக் கூடாது என்று ஒரே மூச்சில் நாற்பது தாளுக்குக் குத்தித் தள்ளிய நாள் அது. இந்தத் தாளை அவள் படித்ததாகவே நினைவில்லை.

"நாப்பது வருசம் என்ஜின் பாத்தவன் நான். என்னைப் பாத்துப் பயனாளர் தவறு! அன்னைக்கே வந்து பாத்திருந்தா அமலி காலு இருந்திருக்கும். நீயா வந்து கேக்கட்டும்னு இருந்தேன். பாலத்துல கால் வைக்கல, போன் போடல."

"தப்புதான் அண்ணாச்சி. மன்னிச்சிருங்க."

"வாயால சொன்னது காத்துல போயிரும். நீ எழுத்தால அடிச்ச. எழுத்தாலதான் அழிக்கணும். உன் வீட்டுல இருந்து, உன் பேரைப் போட்டு எனக்கு எழுது. உங்க தலைமையகத்துக்கும் ஒரு நகல் போகணும். அப்புறம் பேசலாம்."

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். எழுதினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அமலோற்பவத்தின் கால் அவள் தலையில் வந்து விழும். வேலையும் வீடும் போகலாம். எழுதாமல் இன்னொரு வழி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பத்தடி தூரத்தில் பெர்பெத்தாவின் வாசல். நடுவில் ஒரு நடைபாலம். போய், "ஏட்டி" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கண்ணியும் அறுந்துவிடும்.

ஆனால் பெர்பெத்தா தன் மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்கவில்லையே! உடன்பிறந்த அக்காவுக்குப் போனில் ஒரு படத்தை அனுப்பிவிட்டு, 'வந்துரு' என்றாள். பத்தடி தூரத்தைத் தாண்ட அவளுக்குக் கால் இல்லையா? ஜெசிந்தா போகவில்லை. அந்த மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். கொடியில் காயும் சின்னச் சின்னச் சட்டைகளைப் பார்த்துத்தான் பிள்ளைகள் வளர்வது அவளுக்குத் தெரியும்.

ஒன்பது வருடமாக, தங்கையிடமிருந்து வர வேண்டிய ஒரு வார்த்தையை நினைத்து நினைத்து அவள் உருகியிருக்கிறாள். தன்னிடமிருந்து ஒரு வார்த்தைக்காக வலதுபக்க வீட்டில் ஒரு மனிதர் சட்டம் போட்டுக் காத்திருக்கிறார் என்பதை ஒரு நாளும் நினைத்ததில்லை. பெட்டிகளைச் சொல்லிக் குற்றமில்லை. வரவேண்டியதை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிற வித்தையை அவை நல்ல வாத்தியாரிடம்தான் படித்திருந்தன.

வெள்ளிக்கிழமை காலையில் எழுதினாள். நாலே வரி. 'மிக்கேல் அண்ணாச்சிக்கு. இரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் சொன்னது சரி. படிக்காமல் முத்திரை குத்தியது நான். பிழை ஏழாம் வரிசையில் மட்டும் இல்லை, ஆறாம் வரிசைப் பதினாலாம் வீட்டிலும் இருக்கிறது. அது என் வீடு. ஜெசிந்தா.' வீட்டிலிருந்தே அனுப்பினாள். போன் போட்டு, அனுப்பிவிட்டேன் என்று சொன்னாள். பாலத்தைத் தாண்டிப் போய், வாசித்தீர்களா என்றும் கேட்டாள். மிக்கேல் ஒரு தம்ளர் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்.

அவள் குடித்து முடிப்பதற்குள் அவள் வீட்டுப் பெட்டி பாடம் கற்றுக்கொண்டுவிட்டது. கருவி இல்லாமல் அறுபது தடவை பொய் அலை விட்டாள். ஒரு தடவையும் உறையவில்லை.

வித்யாதரன் நகலைப் படித்தார். அறுபது தடவைக் கணக்கை அவர் பார்க்கவே இல்லை. ஒரே ஒரு சொல்லில் நின்றுவிட்டார்.

"ஆறாம் வரிசையா?"

"ஆமா சார். வட்டத்துல பாதி இந்த வரிசையிலதான். தனிமைப்படுத்தணும்னா இதையும் சேத்துத்தான் கழட்டணும். ஆபீஸ், ஸ்டோர், இந்தக் கெஸ்ட் ஹவுஸ் எல்லாம் இதுலதான் இருக்கு. படகு நாலு மணிக்குத்தான? நீங்க பெட்டியைக் கட்டிக்கிட்டா முகாமுக்கு நானே கூட்டிட்டுப் போறேன். மேல்நிலை வகுப்புல காத்தோட்டம் நல்லா இருக்கும்."

வித்யாதரன் மாத்திரைப் பட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு, மனிதாபிமானம் என்ற ஒன்று இருக்கிறதே மேடம் என்றார். ஜனங்களை வீட்டைவிட்டுப் பிரிப்பது அவ்வளவு எளிதில் எடுக்கக்கூடிய முடிவா என்று கேட்டார். படகுகளைத் திருப்பி அனுப்பத் தலைமையகத்தில் ஒரு கையெழுத்து போதுமானதாக இருந்தது.

அவளுடைய கடிதத்தைப் புகாராகப் பதிவுசெய்து, அங்கேயே முடித்தும் வைத்தார். மூன்று முத்திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஒன்றை எடுத்துக் குத்தினார்: 'பயனாளர் தவறு'. ஆறு-பதினாலின் பயனாளர் ஊழியர் குடியிருப்பை ஒரு மாதத்தில் காலி செய்து, ஏழாம் வரிசைக் கடைசியில் சும்மா கிடக்கும் தெப்பத்துக்குப் போக வேண்டும் என்றும் எழுதினார். தண்டனையாம். தெப்பநகர்வாசிகள் அண்டை வீட்டாரோடு மனஸ்தாபம் இல்லை என்று மாதம் ஒருமுறை படிவம் நிரப்பித் தர வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் போட்டுவிட்டு, அலை ஏறுவதற்கு முன்னால் கரைக்குப் போய்விட்டார்.

நாலு மணிக்கு இழுவைப் படகுகள் வெறுங்கையோடு திரும்பின. ஏழாம் வரிசையில் ஒரே சத்தம். கட்டிய மூட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா தன் வாசலில் நின்றாள். ஊர் தப்பித்துவிட்டது. இனி எந்தப் பெட்டிக்காகவும் அந்தப் பாலத்தைத் தாண்ட வேண்டிய அவசியம் இல்லை. அதனால்தானோ என்னவோ, கால் பாலத்தில் ஏறிவிட்டது.

நடுப்பாலத்தில் நிமிர்ந்தால் எதிரே பெர்பெத்தா. இடுப்பில் ஒரு பேரப்பிள்ளை. மற்றொன்று சேலையைப் பிடித்துக்கொண்டு.

"உன் பேரைப் போட்டு நீயே எழுதிக் குடுத்தியாமே யக்கா" என்றாள் பெர்பெத்தா. "கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"மூட்டை கட்டிட்டியா ஏட்டி?"

"கட்டி அவுத்தும் ஆச்சு."

இடுப்பில் இருந்த பிள்ளை ஜெசிந்தாவின் கண்ணாடியைப் பிடுங்கியது.

"கடைசியில நீதான் முதல்ல வந்த" என்றாள் பெர்பெத்தா.

"நானா? நீ ஏறினதைப் பாத்துட்டுத்தான நான் ஏறினேன்?"

"பொய் சொல்லாத. நான் வாசல்லதான் நின்னேன். உன் கால் பட்டு பலகை ஆடிச்சு, அதான் வந்தேன்."

"பலகை உன் பக்கம்ல ஆடிச்சு!"

"நீதான் இதுல படிச்சவளாச்சே. பாலத்துல யார் கால் முதல்ல விழுந்துச்சுன்னு பெட்டி எழுதி வச்சிருக்கும்லா? போய்ப் பாரு."

ஜெசிந்தா போய்ப் பார்த்தாள். அவள் பெட்டியில் அவள் கால் நாலு மணி ஆறு நிமிடம் ஒன்பது விநாடிக்கு. பெர்பெத்தா பெட்டியில் பெர்பெத்தா கால் நாலு மணி ஆறு நிமிடம் ஒன்பது விநாடிக்கு. ஆனால் பெட்டிக்குப் பெட்டி தனித்தனிக் கடிகாரம், ஒன்று கொஞ்சம் முந்தும், ஒன்று கொஞ்சம் பிந்தும். தலைவன் இல்லாத ஊரில் பொதுக் கடிகாரமும் இல்லை. உட்கார்ந்து ஒரு மணி நேரம் கணக்குப் போட்டால் எது முந்தியது என்று கண்டுபிடித்துவிடலாம். ஜெசிந்தாவுக்கு அந்தக் கணக்கு தெரியும்.

"என்ன போட்டிருக்கு?" என்று பாலத்திலிருந்து கத்தினாள் பெர்பெத்தா.

"நீதான் முதல்லன்னு போட்டிருக்கு!"

"நான் நம்ப மாட்டேன்!"

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புயல் கரையேறியது. நாலு பக்கமும் ஒரே நொடியில் அலை வந்து மோதியது, ஒரு தடவை இல்லை, நூறு தடவை. ஜன்னல் கதவுகளை எல்லாம் அடைத்துவிட்டு, அக்காளும் தங்கையும் ஆளுக்கொரு வீட்டில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, யார் முதலில் வந்தது என்று சாயங்காலம் வரை சண்டை போட்டார்கள். இடையில் அமலோற்பவம் பெர்பெத்தாவைக் கூப்பிட்டு, அந்தக் கால் மீட்டர் பேச்சை எடுத்தாள். அது தனிச் சண்டை. மிக்கேல் அமலோற்பவத்துக்குப் போன் போட்டு, காலை மடக்காமல் வை என்று அதட்டினார்.

நாலு தெப்பமும் கூடுகிற மூலை இரண்டு விரல் இறங்கியது, மூன்று விரல் ஏறியது, பிசகாமல் நின்றது. பேசுகிறார்களா, ஏசுகிறார்களா என்று பிரித்துப் பார்க்கப் பெட்டிகளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.